குறை காணப்படவில்லை

மூன்று முறை வந்துபோயிருக்கிறது இந்த வண்டி.
மூன்று வேலைச்சீட்டிலும்
வெவ்வேறு கையெழுத்தில் ஒரே வரி:
குறை காணப்படவில்லை.
அதில் ஒன்று என் கையெழுத்து.

ஞானசௌந்தரி சத்தம் போடவில்லை.
சாவியை மேசைமேல் வைத்தார்.
'நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல தம்பி.
ரேடார் இல்லங்குது, கேமரா இல்லங்குது,
இனிமே பிரேக் உன் பாடுங்குது.
ரெட்டிச்சாவடி தாண்டினா
ஒண்ணுமே சொல்லாத மாதிரி இருக்கு.
உங்க வாசலுக்கு வந்தா உத்தமி.
எனக்கும் ஒரு படபடப்பு உண்டு,
ஈசிஜி ஒட்டினா வராது.'

முதலில் சந்தனத்தைச் சந்தேகித்தோம்.
முகப்பு முத்திரைக்குப் பின்னால்தான் ரேடாரின் கண்.
அதன்மேல் வெள்ளிக்கிழமைப் பொட்டுகள்
ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தன.
சுரண்டி எடுத்தேன்.
'சாமிக்கு வேற இடம் பாத்துக்கறேன்' என்றார்.
புதன்கிழமை மறுபடி எரிந்தது விளக்கு.

பிறகு உப்புக்காற்றை.
பிறகு மென்பொருளை:
புதுப் பதிப்பு இறங்கி முடிக்க
இரண்டு மணி நேரம், ஒரு காபி, ஆறிய வடை.
பிறகு, வெளியே சொல்லாமல், அவரையே.
'எதையாவது அமுக்கியிருப்பாங்க' என்றார்
ஃபோர்மேன் மரியநேசன்.
நானும் சிரித்தேன்.

மார்கழி கடைசி வாரம்
ஐந்தரை மணிக்கு மஞ்சக்குப்பத்தில் ஏறிக்கொண்டேன்.
புதுச்சேரி ரத்த வங்கியில் அவருக்கு ஆறரைக்கு முறை.
ரேடார் சாக்கெட்டிலிருந்து இழுத்த ஒயர்
கதவிடுக்கு வழியே வந்து
என் மடியிலிருந்த மீட்டரில் முடிந்தது.
பதினான்கு. பதினான்கு.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
இணைப்புக்கு இணைப்பு ஒரு தடக்.
பதின்மூன்று புள்ளி எட்டு.
பனி கண்ணாடியை மூட
ஹைபீமைத் தட்டினார்,
புளோயரை முழுதாகத் திருப்பினார்.

ஒன்பது புள்ளி ஆறு.

டாஷ்போர்டில் வரிசையாக மஞ்சள்.
எனக்கு வந்த சந்தோஷத்தை
அவர் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பினேன்.
மூன்று மாதமாக இவர் தனியாகப் பார்த்தது இதை.
முன்னால் பின்விளக்கில்லாத ஓர் எக்ஸெல்,
இருபுறமும் மீன்கூடை.
வண்டி அவரைப் பார்க்கவில்லை.
ஞானசௌந்தரி பார்த்துவிட்டார்,
ஏற்கெனவே காலை எடுத்திருந்தார்.
'பாத்தீங்களா' என்றார்.
கூடைக்காரரையா விளக்கையா,
நான் கேட்கவில்லை.

பம்பரைக் கழற்றினோம்.
இடது முகவிளக்குக்கு அடியில் ஓர் எர்த் போல்ட்.
தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்து
அதன்மேலேயே முறுக்கியிருக்கிறார்கள்.
தகட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே
நகப்பூச்சுக் கனத்துக்கு வெள்ளை.
சும்மா இருக்கும்போது மின்சாரம்
எப்படியோ நெளிந்து போய்விடும்.
விளக்கும் காற்றும் ஒன்றாகக் கேட்டால்
கடைசியில் நிற்கும் ரேடாருக்கு
ஒன்றும் மிஞ்சாது.

ஒன்பது ரூபாய் உப்புத்தாள்.
பத்து நிமிடம் தேய்த்ததில் இரும்பு தெரிந்தது.
மரியநேசன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்,
டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனார்.
பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன்.
என் கையெழுத்து இருந்ததில்
ஒரு சொல்லை இடையில் நுழைத்தேன்:
குறை என்னால் காணப்படவில்லை.
கணினியில் அதைத் திருத்த வழியில்லை,
அங்கே அப்படியேதான் இருக்கிறது.

இருபது நாள் கழித்துப் போன்.
'வரல தம்பி.'
நல்லதுங்க.
'வரலன்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?'
மீட்டரில் ஒன்பதைப் பார்த்தவன் நான்.
பதினான்கு இனி எப்போதும் பதினான்குதான் என்று
எந்த மீட்டரும் எனக்குச் சொன்னதில்லை.
இத்தனையும் சொல்லாமல்
ஆமாங்க என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் ஏதோ லாரியின் ஹாரன்.

'பாலம் வந்தா
இப்பவும் புளோயரை முழுசா வெக்கிறேன்,
பனி இல்லன்னாலும்.'